ஊற்றுகிறவள் முதலில் குடிக்க வேண்டும்

மாத்தே குடிக்கப் பழகியவர்களைக் கேட்டால் ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். கோப்பியை விடுவதற்காக என்பார் ஒருவர், உடம்பு மெலிய என்பார் இன்னொருவர். நான் பழகியது பழிவாங்குவதற்காக. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. என் வாய் பட்ட குழலில் தன் வாய் பட்டுவிடக் கூடாது என்று ஒரு பெண் என் கண்ணுக்கு முன்னாலேயே, சிரித்த முகத்தோடு, நாள் தவறாமல் நழுவிக்கொண்டிருந்தார். அவரைக் குடிக்க வைக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. அதற்கு மாத்தே ஊற்றத் தெரிந்திருக்க வேண்டியிருந்தது, பழகினேன். புதிதாகக் குடிக்கத் தொடங்குகிறவர்களும் இதைத் தாராளமாக வாசிக்கலாம். செய்முறையைச் சரியாகத்தான் சொல்வேன்.

மொன்ரியலில், சென்ட் லோரன்ட் பக்கம், மருந்து பொதி செய்கிற ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. மாத்திரை அட்டைகள் லைனில் வரும். பெட்டிக்குள் இட்டு, விளக்கத்தாளைச் செருகி, மூடி அனுப்ப வேண்டும். தலைக்கு வலை, கைக்கு உறை, வாய்க்கு மாஸ்க். இடைவேளை வந்தால்தான் மற்றவர்களின் முகத்தைப் பார்க்கலாம். சாப்பாட்டு அறையில் யன்னலோரம் ஒரு வட்ட மேசை. உருகுவே நாட்டிலிருந்து வந்த ஒருத்தி அங்கேதான் தன் மாத்தேயை வைத்துக்கொண்டு இருப்பாள். என்னைவிட இரண்டொரு வயது இளையவள். சுடுதண்ணிப் போத்தலை அக்குளில் இடுக்கிக்கொண்டுதான் நடப்பாள். பனிக்குள் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அது அங்கேதான் இருக்கும்.

அந்த மேசையில் அவளோடு ஒரு ஹெய்ட்டி நாட்டுப் பெண்ணும், புவாண்ட்-கிளேரிலிருந்து வருகிற எங்கள் வெள்ளைக்காரச் சூப்பர்வைசரும், பல வருடமாக அங்கே வேலை செய்கிற ஒரு யாழ்ப்பாணத்து அக்காவும் இருப்பார்கள். அக்காதான் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார். அதையும் சொல்லத்தான் வேண்டும். எந்தக் கையுறை கிழியாது, எந்த மெஷினில் விரல் கவனம், யாரிடம் லீவு கேட்டால் கிடைக்கும் என்பதெல்லாம் அவர் சொல்லித்தந்தவை.

மாத்தே என்பது உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு சுரைக்குடுவை. யெர்பா என்கிற பச்சை இலைத்தூளை அதற்குள் முக்கால்வாசிக்கு நிரப்பி, அடியில் சல்லடை வைத்த ஓர் உலோகக் குழலைச் செருகி, சுடுதண்ணீர் விட்டு உறிஞ்ச வேண்டும். சீனியும் இல்லை, பாலும் இல்லை. முதல்நாள் குடித்தபோது வைக்கோலையும் வேப்பிலையையும் ஒன்றாக அவித்துத் தந்துவிட்டாள் என்றே நினைத்தேன். அன்றைக்கு நான் விட்ட பிழை குழலைக் கரண்டி மாதிரிச் சுற்றிக் கலக்கியது. ஆயுள் முழுக்கத் தேநீருக்குச் சீனி கலக்கிய கை சும்மா இருக்குமா. உருகுவேக்காரி என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். குழல் செருகிய இடத்திலேயே நிற்க வேண்டும். கலக்கினால் தூள் ஏறிக் குழலை அடைக்கும், ஊற்றித் தந்தவளுக்கும் அது மரியாதைக் குறைவு.

மற்ற விதி இன்னும் முக்கியம். எத்தனை பேர் இருந்தாலும் குடுவை ஒன்றுதான், குழலும் ஒன்றுதான். ஒருத்திதான் ஊற்றுவாள். அவள் நிரப்பி ஒருவருக்குக் கொடுப்பாள். அவர் அடியில் காற்று இழுபடுகிற சத்தம் வரும்வரை உறிஞ்சிவிட்டு அவளிடமே திருப்பிக் கொடுப்பார். அவள் மறுபடி நிரப்பி அடுத்தவருக்கு. சுற்று முடிந்தால் திரும்ப முதலில் இருந்து, போத்தலில் தண்ணீர் தீரும்வரை. போதும் என்றால் குடுவையைத் திருப்பிக் கொடுக்கும்போது மெர்சி, அதாவது நன்றி, சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இன்னும் வேண்டும் என்று அர்த்தம். கொரோனாக் காலத்தில் ஆளுக்கு ஒரு குடுவை கொண்டுவந்து தனித்தனியாகக் குடித்தார்களாம். அது செத்த வீட்டில் சாப்பிடுகிற மாதிரி இருந்தது என்று சொல்லிப் பிறகு பழையபடி ஒன்றுக்கு வந்துவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் செம்பை வாயில் வைத்துக் குடித்தாலே அம்மா சத்தம் போடுவார். அண்ணாந்து, உதடு படாமல், மடமடவென்று விட வேண்டும். அப்படி வளர்ந்தவளுக்கு நாலு பேர் உறிஞ்சிய குழலைக் கொடுத்தால் எப்படி இருக்கும். முதல்நாள் அதை யாரோ ஒருவருடைய பல்துலக்கும் பிரஷ்ஷைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தேன். பிறகு பக்கத்தில் அக்கா எந்தக் கூச்சமும் இல்லாமல் உறிஞ்சுவதைப் பார்த்து, எங்கள் ஆளே குடிக்கும்போது எனக்கென்ன என்று குடித்தேன். எச்சில் என்ற பேச்சு அன்றோடு என் மட்டில் தீர்ந்தது.

அக்காவின் மட்டில் தீரவில்லை. நான் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவர் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டார். முதலில் ஊர். பிறகு எந்தக் கோயிலடி. பிறகு கோயிலுக்கு எந்தப் பக்கத்து ரோட்டு. யாழ்ப்பாணத்தில் ஒருவரின் சாதியை அறிய இந்த மூன்று கேள்வி போதும். சாதி என்ற சொல்லே வாயில் வராது. பொய் சொல்லியிருக்கலாம், எத்தனையோ பேர் சொல்கிறார்கள். நான் உள்ளதைச் சொன்னேன். அக்கா "ஓ" என்றார். அந்த ஓவுக்குப் பிறகு வந்த சிரிப்பில் ஒரு குறையும் இல்லை. கையில்தான் வித்தியாசம் வந்தது. எனக்கு எதையும் கைமேல் தருவதை விட்டு மேசையில் வைக்கத் தொடங்கினார்.

புரோசார்டில் அவர்கள் புது வீடு வாங்கிப் பால்காய்ச்சியபோது என்னையும் கணவரையும் கூப்பிட்டார். போனோம். எல்லாருக்கும் பூப்போட்ட பீங்கான் கப்பில் தேநீர் வந்தது. எங்கள் இருவருக்கும் கடதாசிக் கப். கப் முடிந்திருக்கும் என்று என் கணவர் காதுக்குள் சொன்னார். கண்ணாடி அலுமாரிக்குள் அதே பூப்போட்ட கப்புகள் அடுக்கியிருந்ததை நான் காட்டினேன். அவர் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, கப்பைக் கசக்கிக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் என்னுடையதை அப்படியே மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகுதான் மேசையில் நடப்பதை உற்றுப் பார்க்கத் தொடங்கினேன். அக்கா எப்போதும் உருகுவேக்காரியின் வலப்பக்கக் கதிரையில் வந்து குந்துவார். அந்தக் கதிரைக்குத்தான் குடுவை முதலில் வரும். ஒரு தரம் குடிப்பார், மெர்சி சொல்லிவிடுவார். வாய்வுக்காரி, ஒன்றுக்கு மேல் தாங்காது என்று எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தார். குழல் என்னிடம் வருவதற்கு முதலே அவர் கணக்கு முடிந்துவிடும். சரி, பார்ப்போம் என்று ஒருநாள் அந்தக் கதிரையில் நான் முந்திப்போய் இருந்தேன். அக்கா வந்தார், கதிரையைப் பார்த்தார், அடுத்த கதிரையில் இருந்தார். நான் குடித்து முடித்ததும் அவர் முறை. "இண்டைக்கு வேண்டாம் பிள்ளை, வயித்துக்குள்ள ஒரு மாதிரி" என்று என்னிடம் தமிழில் சொல்லிவிட்டு, உருகுவேக்காரிக்குக் கையால் வயிற்றைத் தடவிக் காட்டினார். மறுநாளும் நானே அங்கே இருந்தேன், மறுநாளும் வயிறு. அதற்கு அடுத்த நாள் நான் வேண்டுமென்றே கடைசிக் கதிரைக்குப் போனேன். வயிறு சுகமாகிவிட்டது.

வயிறு எரிந்தது எனக்குத்தான். வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் சண்டை பிடிக்காத மனிதர்.

"விடுமப்பா. கனடாவுக்கு வந்தும் இந்தக் கதையே?"

"கனடாவுக்கு வந்தும் அவ விடேல்லைத்தானே. நான் மட்டும் ஏன் விடவேணும்?"

அப்படிச் சொன்னாலும் அந்த நேரம் நான் ஒன்றும் செய்திருக்க மாட்டேன், மனதுக்குள் திட்டிக்கொண்டு இருந்திருப்பேன். அக்கா அதோடு நின்றிருந்தால்.

ஒருநாள் உருகுவேக்காரி உடுப்பு மாற்றுகிற அறையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். முகம் சிவந்திருந்தது. சொல்லத் தொடங்கிச் சொல்லத் தொடங்கி நிறுத்தினாள். கடைசியில் விஷயம் வந்தது: எனக்குப் பல் முரசில் ஏதோ தொற்று வருத்தம் இருக்கிறதாம், சுகமாகும்வரை நான் தனிக் குடுவை கொண்டுவந்தால் எல்லாருக்கும் நிம்மதியாம், கொரோனாவுக்குப் பிறகு ஆட்கள் பயப்படுகிறார்கள்தானே என்று. யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. அந்த முதல் கதிரையை நான் பிடித்துக்கொண்டதற்கு அக்கா கண்டுபிடித்த மருந்து அது. நரம்பில்லாத நாக்கு எப்படியும் வளையும் என்பது சரிதான்.

நான் வாயைப் பிளந்து காட்டினேன். பார் என்றேன். அவளும் ஒரு பல்வைத்தியர் மாதிரி தலையைச் சரித்து, மேலே கீழே எல்லாம் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடிந்ததும், பொய்யை நம்பிவிட்டோமே என்று அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அப்போதுதான் சொன்னேன். எங்கள் நாட்டில் சிலர் என் வாய் பட்டதைத் தொட மாட்டார்கள், என் அம்மா குடித்த பாத்திரத்தை வேறாகக் கழுவி வேறாகக் கவிழ்த்து வைப்பார்கள் என்று எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் சொன்னேன். அவளுடைய பாஷையிலும் சாதிக்கு ஒரு சொல் இருந்தது. உடனே விளங்கிக்கொண்டாள். அந்தப் பெண்ணை இன்றைக்கே மேசையில் இருந்து எழுப்புகிறேன் என்று வெளிக்கிட்டாள்.

வேண்டாம் என்று கையைப் பிடித்தேன். எழுப்பினால் அக்காவுக்குச் சந்தோஷம். என்னோடு குடிக்காமல் இருக்க அவருக்கு ஒரு நல்ல சாட்டுக் கிடைத்துவிடும். எனக்கு அவர் மேசையில் இருக்க வேண்டும். இருந்து, நான் குடித்த குழலில், எல்லாரும் பார்க்கக் குடிக்க வேண்டும். ஆனால் அக்கா குடிக்கிற ஒரே கதிரை எனக்கு முந்திய கதிரை. அதை எப்படி மாற்றுவது என்று தெரியாமல் நின்றேன்.

அடுத்த இடைவேளையில் உருகுவேக்காரி குடுவையை நிரப்பி, வழக்கம்போல முதலில் தானே குடித்தாள். ஒவ்வொரு நாளும் பார்த்த காட்சிதான். அன்றைக்குத்தான் ஏன் என்று கேட்டேன். முதல் தண்ணீரில் தூள் இருக்கும், ஆறியும் கசந்தும் இருக்கும், அதை விருந்தாளிக்குக் கொடுப்பது மரியாதை இல்லை, ஊற்றுகிறவள்தான் முதலில் குடிக்க வேண்டும் என்றாள். எனக்கு உடம்பெல்லாம் ஒரு உற்சாகம் ஏறியது. ஊற்றுகிறவளுக்கு முந்திய கதிரை என்று ஒன்று உலகத்தில் கிடையாது. அவள் வாய் பட்ட பிறகுதான் மற்ற எல்லாருக்கும்.

அவள் குளிர்காலத்தில் தாயின் ஒப்பரேசனுக்கு ஊருக்குப் போக இருந்தாள். அவள் திரும்பி வரும்வரை மேசையில் யார் ஊற்றுவது என்ற கதை ஏற்கெனவே இருந்தது. அக்கா, தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்; அங்கே மூத்தவர் அவர்தானே. நானும் ஊற்றுவேன் என்றேன். போவதற்கு முதல் இரண்டு பேரும் ஒவ்வொரு நாள் ஊற்றிக் காட்டுங்கள், குடிக்கிறவர்கள் சொல்லட்டும் என்று உருகுவேக்காரி முடிவு செய்தாள்.

ஜோன்-தலோன் சந்தைப் பக்கம் ஒரு தென்னமெரிக்கக் கடையில் எல்லாம் வாங்கினேன். பழக நினைக்கிறவர்கள் கவனியுங்கள்: புதுச் சுரைக்குடுவையை வாங்கிய உடனே பாவிக்கக் கூடாது. ஈர யெர்பாவை நிரப்பி ஒருநாள் ஊறவிட்டு, உள்ளே வருகிற தோலைக் கரண்டியால் வழித்தெடுத்துக் காயவிட வேண்டும். நான் அவசரப்பட்டு முதல் குடுவையில் பச்சைச் சுரைக்காய் வாசம்தான் குடித்தேன். அடுத்த பிழை தண்ணீர். எங்கள் தேநீருக்குத் தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும், அல்லாவிட்டால் சாயம் இறங்காது. மாத்தேக்கு அப்படிக் கொதித்த தண்ணீரை விட்டால் இலை வெந்து, நாக்கு மரத்துப்போகிற கசப்பு வரும். கேத்திலுக்குள் ஒரு முனகல் கேட்கும், அடியில் சின்னக் குமிழிகள் தெரியும். அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். எத்தனையோ குடுவை வீணாகி எனக்கு அது பிடிபட்டது. கணவர் ஒவ்வொன்றையும் குடித்துப் பார்த்து, மாட்டுத் தீனி இதைவிட நல்லாயிருக்கும் என்றார். ஒரு சனிக்கிழமை மட்டும் ஒன்றும் சொல்லாமல் குடுவையை இன்னொரு தரம் நீட்டினார்.

மற்றபடி வேலை கையில்தான் இருக்கிறது. தூளை முக்கால்வாசிக்குப் போட்டு, உள்ளங்கையால் வாயை மூடி, தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்க வேண்டும். மெல்லிய புழுதி கையில் ஒட்டும். அதை ஊதிவிட வேண்டும். பிறகு குடுவையைச் சரித்து நிமிர்த்தினால் தூள் ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் பள்ளமாகவும் நிற்கும். பள்ளத்துக்குள் முதலில் ஆறின தண்ணீரைக் கொஞ்சம் விட்டு, இலை அதைக் குடித்து உப்பும்வரை பொறுக்க வேண்டும். குழலின் வாயைப் பெருவிரலால் பொத்திக்கொண்டு அந்த ஈரப் பள்ளத்துக்குள் இறக்க வேண்டும். அதன் பிறகு அதைத் தொடக் கூடாது. சுடுதண்ணீரைக் குழலோரமாக, எப்போதும் அதே இடத்தில், மெதுவாக விட வேண்டும். மேட்டின் தலை கடைசிவரை காய்ந்தபடி நின்றால் நீங்கள் ஊற்றப் பழகிவிட்டீர்கள். பொறுமை இல்லாதவர்களுக்கு இது சரிவராது. கோபத்துக்குப் பொறுமை இல்லை என்கிறார்கள். என் கோபத்துக்கு நிறையவே இருந்தது.

அக்காவின் நாள் முதலில் வந்தது. அவர் வீட்டில் பழகவில்லை, இதிலென்ன இருக்கிறது, தேத்தண்ணி போடத் தெரியாதா என்ற எண்ணம். கேத்திலை அது துள்ளும்வரை விட்டார். தூளை விளிம்புவரை போட்டார், குலுக்கவில்லை. கொதித்த தண்ணீரைத் தலையில் ஊற்றினார். குழலை ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு அந்த முதல் குடுவையை இரண்டு கையாலும் பிடித்து, நல்ல மரியாதையாக, சூப்பர்வைசரிடம் நீட்டினார்.

நீட்டுவதற்கு முதல் என் பக்கம் திரும்பி, "வந்த ஆக்களுக்குக் குடுக்காமல் நான் முதல் குடிக்கிறதே? அது என்ன பழக்கம்?" என்று கேட்டார்.

"ஓம் அக்கா, அது சரியில்லைத்தானே" என்றேன்.

எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தடுத்திருக்கலாம். சொல்லவில்லை, அதில் இன்றைக்கும் எனக்கு ஒரு கவலையும் கிடையாது. பாவம் அந்த மனிதர் ஒரே இழுவையில் வெந்த தூளும் நெருப்புத் தண்ணீருமாக வாய் நிறைய வாங்கிக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு கைகழுவும் பேசினுக்கு ஓடினார். ஹெய்ட்டிப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது. உருகுவேக்காரிக்கு அடைத்த குழலைத் துப்பரவாக்கவே அந்த இடைவேளை போய்விட்டது. நான் கொடுப்புக்குள் சிரித்தேன்.

பிறகு என் நாள் வந்தது. குலுக்கி, ஊதி, சரித்து, பொறுத்து, குழலை இறக்கி, முதல் குடுவையை நானே குடித்தேன். கசந்தது. சத்தம் வரும்வரை உறிஞ்சினேன். மறுபடி நிரப்பியபோது குழலைச் சுற்றி நுரை பூத்து நின்றது. உருகுவேக்காரி அதை வாங்கிக் குடித்துவிட்டுத் தலையை ஆட்டினாள். சூப்பர்வைசர் பயந்து பயந்து நுனி நாக்கால் தொட்டுப் பார்த்துவிட்டு முழுவதையும் குடித்தார். அக்காவுக்கு அன்றைக்கு வயிறு. ஊருக்குப் போகும்போது உருகுவேக்காரி தன் குடுவையையும் போத்தலையும் என்னிடமே தந்துவிட்டுப் போனாள். ஆனைக்கு ஒரு காலமென்றால் பூனைக்கு ஒரு காலம்.

அந்தக் குளிர்காலம் முழுக்க நான்தான் ஊற்றினேன். முதல் குடுவை எனக்கு, இரண்டாவது எப்போதும் அக்காவுக்கு. என் வாயிலிருந்து எடுத்து, நிரப்பி, அவர் முகத்துக்கு நேரே நீட்டுவேன். கேட்கவும் மாட்டேன், வற்புறுத்தவும் மாட்டேன், நீட்டுவது மட்டும்தான். அக்காவும் சளைக்கவில்லை. வயிறு முடிந்தது, பிரஷர் வந்தது. பிரஷர் முடிந்தது, விரதங்கள் வந்தன. வெள்ளி விரதம், சஷ்டி விரதம், பிரதோஷம், கார்த்திகை, ஏகாதசி. முருகனும் சிவனும் விஷ்ணுவும் முறைவைத்து அக்காவை என் எச்சிலில் இருந்து காப்பாற்றினார்கள். விரதகாரி பக்கத்தில் இறைச்சிப் பன்ரோல் சாப்பிட்டுக்கொண்டிருந்ததை நான் மட்டும்தான் கவனித்தேன்.

மேசையை விட்டுப் போகவும் அவரால் முடியவில்லை. அது அவருடைய மேசை. யாருக்கு எந்த லைன், யாருக்கு ஓவர்டைம் என்பதெல்லாம் அவர் வாயால்தான் அங்கே முடிவாகும். இப்போது எல்லாரும் என் கையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள், அவர் கையில் ஒன்றும் இல்லை. நீட்டுகிற ஒவ்வொரு நாளும் அவர் முகம் ஒரு கணம் இறுகும். அந்த ஒரு கணத்துக்காகவே நான் விடிய எழும்பி வேலைக்குப் போனேன் என்றால் நம்புவீர்களோ தெரியாது.

பிறகு அவர் கடைசி அம்பை விட்டார். ஒரு குழலில் எல்லாரும் குடிப்பது சுகாதாரக் கேடு, மருந்துத் தொழிற்சாலையில் இப்படி நடக்கலாமா என்று சூப்பர்வைசரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் நல்லவர், ஆனால் முறைப்பாடு வந்தால் கேட்டுத்தான் ஆக வேண்டும். இடைவேளையில் மேசைக்கு வந்து, நின்றபடியே, யாருக்காவது பயம் இருந்தால் இன்றோடு இதை நிறுத்திவிடலாம் என்றார். யார் சொன்னது என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை, அக்கா யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குளிர்காலம் முழுக்கக் குடிக்கிறேன், எனக்குத் தடிமன் காய்ச்சல்கூட வரவில்லை என்றாள் ஹெய்ட்டிப் பெண். பிறகு அக்காவைப் பார்த்து, நீ மட்டும் ஏன் குடிப்பதில்லை, உனக்கு என்ன பயம் என்று நேராகவே கேட்டாள். சூப்பர்வைசரும் அக்காவைப் பார்த்தார்.

அக்கா என்ன சொல்வது. என் முரசில் வருத்தம் என்று என் முகத்துக்கு முன்னால் சொல்ல முடியாது. நான் வாயைப் பிளந்து காட்டிவிடுவேன் என்று அவருக்குத் தெரியாவிட்டாலும், பொய் என்பது அவருக்குத் தெரியும். விரதம் என்று சொன்னால் முறைப்பாடு எடுபடாது. நான் என் முதல் குடுவையைக் குடித்து முடித்தேன். நிரப்பினேன். நீட்டினேன். அத்தனை மாதத்தில் முதல் தடவையாக நீட்டும்போது வாயும் திறந்தேன். தமிழில், மெதுவாக, வெள்ளைக்காரருக்கு ஏதோ உபசாரம் என்று படும்படி சொன்னேன்.

"அக்கா, நீங்கள் ஏன் குடிக்கிறேல்லை எண்டு நான் இவைக்குப் பிரெஞ்சில சொல்லட்டே? இல்லாட்டிக் குடிக்கிறியளே?"

அவர் என்னை அப்போதுதான் உண்மையாகப் பார்த்தார். இரண்டு வருடமாக அவர் கண்ணில் எனக்கு ஊரும் கோயிலும் ரோட்டும்தான் இருந்தன. அன்றைக்கு முகமும் இருப்பது தெரிந்திருக்கும். ஊரில் நாலு பேருக்கு முன்னால் பெருமையாகச் செய்வதை மொன்ரியலில் நாலு பேருக்கு முன்னால் சொல்லிக்கூடக் காட்ட முடியாது என்பதும் அவருக்குத் தெரியும். கையை நீட்டிக் குடுவையை வாங்கினார். என் கையிலிருந்து நேரே தன் கைக்கு வாங்கினார்.

குழலைக் கடதாசியால் துடைக்கலாமா என்று மேசையில் கிடந்த துண்டை ஒரு தரம் பார்த்தார். அது ஊற்றியவளுக்குச் செய்கிற பெரிய அவமரியாதை என்று அந்த மேசையில் எல்லாருக்கும் தெரியும். துடைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கசாயம் குடிக்கிற பிள்ளை மாதிரிக் குடித்தார். அடியில் சத்தம் வந்தது. நான் ஒன்றையும் மறைக்கவில்லை, எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். என் அம்மாவுக்காக என்று சொன்னால் அழகாக இருக்கும். எனக்காகத்தான்.

குடுவையை என்னிடம் தந்துவிட்டு, வாயை இறுக்கி மூடியபடி அக்கா எழும்பிப் போனார். கழிப்பறை அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான். தண்ணீர்க் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. வாய் கொப்பளிக்கிற சத்தம் கேட்டது. துப்புகிற சத்தம் கேட்டது. பிறகு மறுபடியும். ஹெய்ட்டிப் பெண் சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சூப்பர்வைசருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிரச்சினை தீர்ந்தது என்று கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

நான் குழப்பம் இல்லாமல் என் வேலையைச் செய்தேன். சூப்பர்வைசருக்கு ஒன்று, ஹெய்ட்டிப் பெண்ணுக்கு ஒன்று. சுற்று முடிந்து மறுபடி நான் ஒன்று குடித்தேன். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, எல்லாம் கழுவி முடிந்தவர் மாதிரி, தன் கதிரைக்குத் திரும்பி வந்து இருந்தார்.

போகிற அவசரத்தில் அவர் மெர்சி சொல்லியிருக்கவில்லை. நான் குழலோரமாகத் தண்ணீரை விட்டு, குடுவையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். போத்தலில் இன்னும் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது.